நாலு விரல் இடைவெளி

புது வீட்டின் ஜன்னல் திறந்திருந்து தெருவில் யாரும் பார்த்ததில்லை. வெயில் நாளிலும் மூடியிருந்தது, மழை நாளிலும் மூடியிருந்தது. உள்ளே ஆள் இருக்கிறார்களா என்பதை விளக்கை வைத்துத்தான் சொல்ல வேண்டும். அடுப்பு வாசனை வெளியே வராது, பேச்சுச் சத்தம் வராது. சுவரில் காதை வைத்தால் மட்டும், வயிறு நிறைந்த பூனை உறங்குவதுபோல ஓயாத ஒரு முனகல் கேட்கும். தெருக்காரர்கள் அதை மூச்சுவிடாத வீடு என்று அழைத்தார்கள்.

அந்த முனகலை எல்லாரையும்விட அதிகம் கேட்டவள் பக்கத்து வீட்டுத் தையல்காரி. அவளுடைய தையல் அறைச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் புது வீடு நின்றது. அது வந்த குளிர்காலத்தில்தான் அவளுக்குத் தலைவலியும் வந்தது.

சாதாரணத் தலைவலி என்றால் ஒரு மாத்திரையோடு போயிருக்கும். இது நெற்றியில் ஆரம்பித்துக் கண்ணுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டது. வந்துவிட்டால் கத்தரி பிடித்த கை வேறு யாருடைய கையோ போலத் தோன்றும். கண் டாக்டர் கண்ணாடியை மாற்றிக் கொடுத்தார். புதுக் கண்ணாடியில் தலைவலி இன்னும் தெளிவாகத் தெரிந்தது, அவ்வளவுதான்.

வக்கீலம்மாவின் கோட்டுக்கு அவள் இரண்டு இடக்கைகளை வெட்டிவிட்டாள். துணியை முகத்தோடு முகம் சேர்த்து மடித்துப் போட்டால் ஒரே வெட்டில் ஒரு இடக்கையும் ஒரு வலக்கையும் கிடைக்கும். மடிக்காமல் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி வெட்டினால் இரண்டும் ஒரே பக்கத்துக் கையாக வரும். தொழில் கற்க வந்த புதிதில் எல்லாரும் செய்கிற தப்பு அது. கற்றுத் தேர்ந்தபின் யாரும் செய்வதில்லை.

"ரெண்டும் இடக்கைன்னா வக்கீலம்மா கோர்ட்டுல எப்படி கை நீட்டிப் பேசுவாங்க?" என்றான் அவள் கணவன். பஸ் ஓட்டுநர். எதையும் சிரிப்பாக்கிவிட்டுத்தான் யோசிக்கத் தொடங்குவான்.

அவள் சிரிக்கவில்லை. கண்ணும் கையும் போய்விட்டால் தன்னிடம் மிச்சம் என்ன இருக்கிறது என்று நினைத்துப் பார்த்தாள். ஒன்றும் இல்லை.

புது வீடு நிற்கிற இடம் முன்பு பல் விழுந்த ஈறுபோல இருந்தது. இரண்டு பழைய வீடுகளுக்கு நடுவே குறுகலான காலிமனை. உடைந்த நாற்காலிகளும் முட்புதரும்தான் அங்கே குடியிருந்தன. நகரத்தின் ஓரத்தில் வயலை அழித்து வீடு கட்டுவதைவிட இப்படிப்பட்ட இடங்களில் கட்டினால் நல்லது என்று நகராட்சி சொல்லத் தொடங்கியிருந்தது. தண்ணீர்க் குழாயும் மின்கம்பியும் சாலையும் வாசலிலேயே இருக்கின்றன. கடைக்கும் பள்ளிக்கும் நடந்தே போய்விடலாம். புதிதாக எதையும் தோண்ட வேண்டாம்.

வீடு லாரியில் வந்தது. மரச்சட்டத்தில் செய்த முழுச்சுவர்கள், உள்ளே பஞ்சுபோல மரநார் அடைத்து, ஜன்னலோடு சேர்த்துப் பட்டறையிலேயே முடிக்கப்பட்டவை. கிரேன் ஒவ்வொன்றாக மேலிருந்து இறக்கியது. தையல்காரி வேலையைப் போட்டுவிட்டு வாசலில் நின்று பார்த்தாள். வெட்டி வைத்த துண்டுகளை மூட்டிச் சட்டையாக்குவது மாதிரியே இருந்தது. முதலில் முதுகு, பிறகு பக்கங்கள், கடைசியில் காலர்.

மனை குறுகல் என்பதால் ஓர் அங்குலத்தைக்கூட வீணாக்கவில்லை. பழைய சுவருக்கும் புதுச் சுவருக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி மட்டும். அதிலும் காற்று ஓடினால் இரண்டு வீடும் குளிரும். அதனால் இடைவெளி நெடுக மரநார் மெத்தைகளைத் திணித்தார்கள். மழை இறங்காமலிருக்க உச்சியைத் தகரத்தால் மூடினார்கள். ஒரே போர்வைக்குள் படுத்த இரண்டு பேர்போல, ஒரு வீட்டின் சூடு அடுத்த வீட்டுக்கும் உதவும் என்பது கணக்கு.

கேட்க நன்றாகத்தான் இருந்தது. தலைவலி வரும்வரை.

புது வீட்டுக்காரி ஒரு பள்ளிக்கூடத்தின் நூலகர். கைக்குழந்தை ஒன்று. கணவருக்கு வெளியூரில் வேலை, எப்போதாவது வருவார். ஒரு நாள் அவளே தையல்காரியின் கதவைத் தட்டி, ஜன்னல்களுக்குத் திரை தைக்க வேண்டும், அளவெடுக்க வர முடியுமா என்று கேட்டாள். தையல்காரி அளவு நாடாவோடு போனாள். அளவெடுக்க மட்டும் போகவில்லை என்பது அவளுக்கே தெரியும்.

"ஜன்னலே திறக்க மாட்டேங்கறீங்க. அதுக்கு எதுக்கும்மா திரை?"

"திறக்கும்க்கா. திறக்க வேண்டிய அவசியம் வர்றதில்ல, அவ்வளவுதான். வாங்க, காட்டறேன்."

நூலகர் ஒரு மெல்லிய காகிதத்தைக் கிழித்துக் குளியலறைக் கூரையில் இருந்த சின்னச் சல்லடை வாயிடம் பிடித்தாள். காகிதம் போய் ஒட்டிக்கொண்டது. கையை எடுத்த பிறகும் விழவில்லை. "இங்க உறிஞ்சுது பாருங்க." படுக்கையறைச் சல்லடையிடம் பிடித்தபோது காகிதம் அவள் முகத்தை நோக்கி மடங்கியது. "இங்க ஊதுது. சமையலறை, குளியலறைக் காத்து வெளிய போகுது. படுக்கிற இடத்துக்குப் புதுக்காத்து வருது."

"குளிர்ல புதுக்காத்து வந்தா உறைஞ்சு போயிட மாட்டீங்களா?"

"அதுதான் வேடிக்கையே." அவள் மாடிப்படிக்கு மேலிருந்த பெட்டியைக் காட்டினாள். முனகல் அதிலிருந்துதான் வந்தது. உள்ளே மெல்லிய தகடுகள் அடுக்கடுக்காக இருக்கின்றன. ஒரு தகட்டின் இந்தப் பக்கம் வெளியே போகிற சூடான காற்று, அந்தப் பக்கம் உள்ளே வருகிற குளிர்ந்த காற்று. ஒன்றையொன்று தொடாது, கலக்காது. சூடு மட்டும் தகட்டைத் தாண்டி இங்கிருந்து அங்கே போய்விடும்.

தையல்காரிக்கு உடனே பிடிபட்டது. கோட்டுத் துணியும் உள்துணியும் ஒட்டிக்கொண்டே இருக்கின்றன, ஒன்றோடொன்று கலக்கிறதா என்ன? அழகான வேலைதான். அழகாக இருந்ததாலேயே அவளுக்கு அடுத்த கேள்வி வந்தது.

"அப்போ கெட்ட காத்தெல்லாம் எங்கம்மா போய் விழுது?"

நூலகர் தெருப்பக்கச் சுவரில் இருந்த வட்ட வாயை ஜன்னல் கண்ணாடி வழியாகக் காட்டினாள். தையல் அறை ஜன்னல் அதற்கு ஒரு கை எட்டும் தூரத்தில் இருந்தது. இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"அது வெறும் காத்துதான்க்கா," என்றாள் நூலகர்.

"இருக்கும்," என்றாள் தையல்காரி.

வீட்டுக்கு வந்ததும் ஜன்னலை இறுக்கச் சாத்தினாள். அதோடு விடவில்லை. மிச்சத் துணிகளை நீளமான உறைகளாகத் தைத்து, வெட்டுத் துண்டுகளை உள்ளே அடைத்து, ஜன்னல் சட்டத்தின் நாலு ஓரத்திலும் செருகினாள். கதவுக்கு அடியிலும் ஒன்று போட்டாள். கச்சிதமான வேலை, ஊசி நுழைய இடமில்லை. தலைவலி குறையவில்லை, கூடியது. அந்த இயந்திரம் சுவர் வழியாகவும் எதையோ அனுப்புகிறது என்ற முடிவுக்கு அவள் வந்தாள்.

இயந்திரத்தை நிறுத்தச் சொல்லிக் கணவன் நகராட்சிக்கு மனு எழுதினான். தெருவில் பாதிப் பேர் கையெழுத்துப் போட்டார்கள். மீதிப் பேர் போடுவதாகச் சொன்னார்கள். விஷயம் நூலகர் காதுக்குப் போனது. விடுமுறை நாள் காலையில் அவள் வீட்டைக் கட்டிய இன்ஜினியர் கையில் ஒரு சின்ன மீட்டரோடு பழைய வீட்டு வாசலில் வந்து நின்றான்.

"உள்ள வந்து காத்தை அளந்து பாத்துடறேன் சார். எங்க மெஷின்தான் காரணம்னா நானே வாயை வேற பக்கம் திருப்பித் தரேன்."

"வரட்டுமே," என்றான் ஓட்டுநர். "மாட்டிக்கப் போறது அவங்கதானே."

வாசலை மறித்து நின்றது தையல்காரியின் மாமனார். ஓய்வு பெற்ற பெயிண்டர். பகல் முழுவதும் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, தபால்காரர், காய்கறிக்காரர், வழி தெரியாமல் வந்தவர் என்று யாரையும் பேசாமல் அனுப்ப மாட்டார். அவர் கையை நீட்டிக் கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார்.

"அவங்க ஆளு, அவங்க மீட்டரு. அவங்களுக்கு வேணுங்கறதைத்தான் காட்டும். வேணாம்."

"பெரியவரே, நானும் கட்டறதுக்கு முன்னாடியே உங்ககிட்ட கேட்டேனே. இந்தச் சுவத்துல துவாரம், குழாய் எதாவது இருக்கான்னு..."

"அப்பவே சொல்லிட்டேன். ஒண்ணும் இல்ல."

பதில் கேள்வி முடியும் முன்பே வந்துவிட்டது. தையல்காரி மாமனாரைப் பார்த்தாள். அவர் இன்ஜினியரைப் பார்க்கவில்லை. கட்டை விரல் நகத்தால் கதவுச் சட்டத்தின் பெயிண்டைச் சுரண்டிக்கொண்டிருந்தார். அந்த வீட்டில் யாராவது பெயிண்டில் நகம் பட்டால் இரண்டு நாள் முகம் கொடுக்காத மனிதர் அவர்.

இன்ஜினியர் போன பிறகும் அவளுக்கு அந்த நகம் மறக்கவில்லை. மீட்டர் வந்தால் நமக்குத்தானே லாபம், இவர் ஏன் பயப்படுகிறார்?

அடுத்த வாரம் ஒரு மருத்துவமனையிலிருந்து பருத்தி அங்கிகளுக்கு ஆர்டர் வந்தது. பருத்தித் துணியை வெட்டுவதற்கு முன்பே சுடுதண்ணீரில் ஊறவைத்துச் சுருங்க வைத்துவிட வேண்டும். இல்லையென்றால் தைத்த அங்கி முதல் சலவையிலேயே சுருங்கிவிடும். தையல் அறையை ஒட்டிய குளியலறையில் கேஸ் கீஸர் இருந்தது. அவள் நடுக்கதவைத் திறந்து வைத்து, வாளி வாளியாகச் சுடுதண்ணீர் பிடித்துத் துணியை முக்கினாள். கடைசிப் பெரிய தொட்டி நிறையட்டும் என்று குழாயைத் திறந்து விட்டுவிட்டு, முன்னாடியே காய்ந்த துணியில் சாக்குக் கட்டியால் கோடு போட உட்கார்ந்தாள்.

கோடு இரண்டாகத் தெரிந்தது. கண்ணைக் கசக்கிப் பார்த்தாள், இரண்டும் அசைந்தன. ஜன்னல் கண்ணாடியிலிருந்து தண்ணீர் தாரையாக வடிந்துகொண்டிருந்தது. அறையின் ஆளுயரக் கண்ணாடியும் வியர்த்திருந்தது. எழுந்தபோது காலில் எலும்புக்குப் பதில் பஞ்சு இருந்தது. சுவரைப் பிடித்தபடி குழாயை மூடப் போனாள்.

கீஸரின் சின்னத் துவாரத்தில் தெரியும் தீ நீலமாக இருக்க வேண்டும். மஞ்சளாக இருந்தது. நாக்கை நீட்டி மேலே தாவிக்கொண்டிருந்தது.

கீஸருக்கு மேலே குடைபோல ஒரு தகரத் தொப்பி உண்டு. அதிலிருந்து ஒரு குழாய் ஏறிச் சுவருக்குள் நுழையும். உள்ளே விசிறி எதுவும் கிடையாது. சூடான புகை லேசானது. தானாகவே மேலே ஏறிக் குழாய் வழியாக வெளியேறும். ஏறும்போது தொப்பியின் அடியிலிருந்து அறைக் காற்றையும் கொஞ்சம் இழுத்துக்கொண்டு போகும். வேலை செய்கிற கீஸர் அறையை உறிஞ்ச வேண்டும்.

நூலகர் பிடித்த காகிதம் அவளுக்கு நினைவு வந்தது. தோளில் ஒட்டியிருந்த நூலை எடுத்துத் தொப்பியின் விளிம்பிடம் தொங்கவிட்டாள். நூல் உள்ளே போகவில்லை. அவளை நோக்கிச் சாய்ந்து ஆடியது. தண்ணீர்க் குழாயை மூடினாள், தீ அடங்கியது, நூல் நேராக நின்றது. திறந்தாள், நூல் மறுபடியும் அவள் முகத்தை நோக்கி எழுந்தது.

போக வேண்டிய புகை வந்துகொண்டிருந்தது.

கேஸை அடைத்தாள். துணி உறைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி எறிந்தாள். ஜன்னலைத் தள்ளித் திறந்து தலையை வெளியே நீட்டி மூச்சை இழுத்தாள். பக்கத்து வீட்டு வட்ட வாய் அவள் கன்னத்தில் வெதுவெதுப்பாக ஊதிக்கொண்டிருந்தது. குழந்தைக்குப் போடும் சோப்பு வாசனை. அவ்வளவுதான், வேறொன்றும் இல்லை.

நிற்கத் தெம்பு வந்ததும் வாசலுக்குப் போனாள். மாமனார் நாற்காலியில் இருந்தார்.

"மாமா, கீஸர் குழாய் சுவத்துக்குள்ள போகுதே. அங்கேருந்து எங்க போகுது?"

"எங்க போகும்? வெளியதான்."

"வெளியன்னா?"

"வெளியன்னா வெளிய. நான்தானே வச்சேன், எனக்குத் தெரியாதா?"

"வெளிய இப்ப ஒரு வீடு நிக்குது மாமா."

அவர் தெருவைப் பார்த்தார். அந்த நேரம் பார்த்துப் பேச்சுக்கொடுக்க ஒருவரும் வரவில்லை.

"அது நீட்டிக்கிட்டு இருந்துச்சும்மா," என்றார் கடைசியில். "அவங்க மனைக்குள்ள ஒரு முழம். காலிமனைதானேன்னு அந்தக் காலத்துல நானே ஓட்டை போட்டு விட்டேன். வீடு கட்டப் போறாங்க, அளக்க வராங்கன்னு கேள்விப்பட்டேன். அடுத்தவன் நிலத்துல நீட்டியிருக்கான்னு எழுதிட்டா சுவத்தையே இடிக்கச் சொல்வாங்கல்ல? அதான் சுவரோட சுவரா அறுத்துட்டேன்."

"அறுத்தாலும் ஓட்டை தெரியுமே."

"கம்பிவலை வச்சேன். வலை மேல சிமென்ட்டைக் கண்ணு அடையாம லேசாத் தடவி, செங்கல் கோடு போட்டு, பாசி, கறை எல்லாம் பக்கத்துச் செங்கல் மாதிரியே தீட்டினேன். கண்ணுக்குத் தெரியாது, புகை மட்டும் போயிடும். அந்த இன்ஜினியர் பையன் பக்கத்துல நின்னு போட்டோ எடுத்தான், கண்டுபிடிக்க முடியல." இந்த இடத்தில் அவர் குரலில் ஒரு சின்ன நிமிர்வு வந்தது. வந்ததை அவரே கவனித்துத் தலையைக் குனிந்துகொண்டார். "எல்லாரும் நடுவுல ஒரு சந்து விட்டுத்தான் கட்டுவாங்க. இவங்க இப்படி ஒட்டிக்கிட்டு வந்து நிப்பாங்கன்னு யாருக்குத் தெரியும்?"

"வந்து நின்னப்போ சொல்லியிருக்கலாமே."

"கிரேன் சுவத்தை இறக்கிக்கிட்டு இருக்கு. அப்ப போய், அய்யா கொஞ்சம் நிறுத்துங்க, நான் பொய் சொல்லிட்டேன்னா?"

"நான் தலையைப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேனே. அப்ப?"

"அது அவங்க மெஷின்னு நீதானேம்மா சொன்ன."

"நீங்க அதை நம்பினீங்களா மாமா?"

அவர் பகலெல்லாம் வாசலில். கணவன் பகலெல்லாம் பஸ்ஸில். அந்தப் புகையோடு அறைக்குள் இருந்தது அவள் ஒருத்திதான்.

"ஒண்ணு செய்யலாம்," என்றார் மாமனார், குரலைத் தாழ்த்தி. "நான் உள்ளேருந்து சிமென்ட் வச்சு அடைச்சுடறேன். கரண்ட் கீஸர் மாட்டிக்கலாம். உனக்குத் தலைவலி போயிடும். மனுவை வாபஸ் வாங்கிட்டா அவங்களும் சந்தோஷமா இருப்பாங்க. யாருக்கும் ஒண்ணும் தெரியாது."

"நீங்க மறைச்சதுதான் மாமா என் தலைக்குள்ள வந்து உக்காந்துச்சு. இன்னும் எதை மறைக்கணும்?"

கணவன் வந்ததும் மருத்துவமனைக்குப் போனார்கள். ரத்தத்தைப் பார்த்த டாக்டர், காற்றுப் போதாமல் கேஸ் எரிந்தால் கார்பன் மோனாக்சைடு பிறக்கும் என்றார். நிறம் கிடையாது, வாசனை கிடையாது. ரத்தத்தில் மூச்சுக்காற்று உட்கார வேண்டிய இடத்தை அது பிடித்துக்கொள்ளும், எழுந்திருக்கவும் செய்யாது. "அந்தத் தொட்டி நிறையற வரைக்கும் நீங்க உக்காந்தே இருந்திருந்தா, இங்க நடந்து வந்திருக்க மாட்டீங்க." கணவன் அன்றைக்கு எதையும் சிரிப்பாக்கவில்லை.

மறுநாள் காலை அவள் நூலகர் கதவைத் தட்டிச் சொன்னாள். எல்லாவற்றையும் சொன்னாள்; வலையை, செங்கல் கோட்டை, மாமனார் இன்ஜினியருக்குச் சொன்ன பதிலை. நூலகர் கேட்டு முடித்தாள். பிறகு படுக்கையறைக்குப் போய், சுவரோரம் கிடந்த குழந்தைக் கட்டிலை இழுத்து அறைக்கு வெளியே கொண்டு வந்தாள். அதற்குப் பிறகுதான் இன்ஜினியருக்குப் போன் செய்தாள்.

அவன் வந்து மீட்டரைப் பிடித்து, வீட்டுக்குள் புகை வரவில்லை என்று பார்த்தபின், சுவரின் உள்பலகையைச் சதுரமாக அறுத்து எடுத்தான். அடுத்து தோல்போன்ற ஒரு தாள் வந்தது. ஓரங்களெல்லாம் நாடா ஒட்டி, வீட்டைச் சுற்றிலும் காற்றுப் புகாமல் காக்கும் தாள். "இது எங்கயாவது கிழிஞ்சிருந்தா..." என்று ஆரம்பித்துக் குழந்தையைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். தாளை வெட்டிச் சுவருக்குள் இருந்த நாரை எடுத்தான். உலர்ந்து மஞ்சளாக வந்தது. வெளிப்பலகையை அறுத்ததும் இடைவெளியில் இருந்த மெத்தை வந்தது. கறுத்து, நனைந்து, பிழிந்தால் சொட்டுகிற மாதிரி. கேஸ் எரியும்போது புகையோடு நீராவியும் பிறக்கிறது. ஒரு குளிர்காலத்து நீராவி முழுவதும் அந்த நாலு விரல் இடைவெளியில் தேங்கியிருந்தது. வெளிப்பலகையின் பின்புறமும் ஊறிப் பூசணம் பிடித்திருந்தது.

"இந்தப் பக்கச் சுவரை நெடுகப் பிரிக்கணும்," என்றான் இன்ஜினியர்.

தையல்காரி அந்தச் சதுரத்துக்குள் எட்டிப் பார்த்தாள். அவள் வீட்டுச் சுவரை அவள் வெளியிலிருந்து அவ்வளவு அருகே பார்த்ததில்லை. செங்கல், கோடு, பாசி, மழைக்கறை. எது சுவர், எது வலை என்று தெரியவில்லை. விரலால் தடவிக்கொண்டே போனாள். ஒரு செங்கல் மட்டும் அழுத்தியதும் உள்ளே அமுங்கியது.

பின்னால் நூலகர் நின்றுகொண்டிருந்தாள். குழந்தை அவள் தோளில் இருந்தது.

"உங்க வீட்டுச் சுவத்துல வேற எதாவது இருக்கா?"

வழக்கமாக வரும் 'அக்கா' வரவில்லை. அந்தக் குரலைத் தையல்காரிக்கு நன்றாகத் தெரியும். இத்தனை நாளும் தானே சந்தேகத்தோடு பேசிய குரல் அது.

"தெரியலம்மா. கேட்டுச் சொல்றேன்."

வாசலில் மாமனார் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவள் எதிரே போய் நின்றாள். தலை லேசாக இருந்தது. தெரு முழுவதும் துல்லியமாகத் தெரிந்தது. அவர் முகமும் தெரிந்தது.

"மாமா, அந்தச் சுவத்துல வேற எதாவது இருக்கா?"

'இல்லை' என்று சொல்ல இவ்வளவு நேரம் ஆகாது. அவர் மாடித் தண்ணீர்த் தொட்டியை ஒரு முறை பார்த்தார். பிறகு தன் கைகளைப் பார்த்தார்.

"தொட்டி நிரம்பி வழியறதுக்கு ஒரு பைப்பு..." என்று ஆரம்பித்தார்.

"என்கிட்ட வேணாம்," என்றாள் அவள். "வாங்க. அவங்ககிட்டயே சொல்லுங்க."

அவருடைய செருப்பை எடுத்துக் காலருகே வைத்தாள். அவர் அதை மாட்டிக்கொள்ள நேரம் எடுத்துக்கொண்டார். அவள் நகராமல் நின்றாள்.